தட்டுக் கழிவு

பாம்பன் தெற்குவாடியில் நண்டு கம்பெனி.
ஐஸ் பெட்டிகளுக்கும் ஈக்களுக்கும் நடுவே
என் நாற்காலி, என் தராசு, என் நோட்டு.
நீலக்கால் நண்டு தட்டோடு ஏறும்.
சிவப்பு எண்கள் துடித்துத் துடித்து நிற்கும்.
நின்ற எண்ணில் அரைக் கிலோ கழித்து எழுதுவேன்.
தட்டுக் கழிவு.

தட்டின் எடை முந்நூற்றைம்பது கிராம்.
ஆளில்லாத மத்தியானம் ஒன்றில்
வெறும் தட்டை வைத்துப் பார்த்திருக்கிறேன்.
பார்த்த பிறகும் இரண்டு வருஷம்
அரைக் கிலோதான் கழித்தேன்.

"நண்டு நனைஞ்சுல்ல வருது செலஸ்டி,
தண்ணிக்கும் நாமளா காசு குடுக்கிறது?"
என்பார் முடியப்பு முதலாளி.
கோயில் கொடிமரத்துக்குப் பித்தளை உறை போட்டவர்.
வெயில் பட்டால் அவர் பெயர் கண்ணைக் கூசும்.

ஞாயிறு முதல் பூசையில்
வாசகம் வாசிப்பது நான்.
குரல் நன்றாக இருக்கிறதாம்.
ஒரு வாரம் வாசகத்தில் தராசு என்ற சொல் வந்தது.
அந்த இடத்தில்
எச்சில் விழுங்குகிற சத்தம் மைக்கில் கேட்டதென்று
பாடகர் குழுவில் சிரித்தார்கள்.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம்.
எல்லாம் சொன்னேன்.
மூன்று அருள் நிறைந்த மரி சொல்லச் சொன்ன சாமியார்
சற்று நேரம் கழித்து, கம்பி வலைக்கு அந்தப் பக்கமிருந்து,
"எவ்வளவு?" என்றார்.
"பெரிய பாவந்தான் சாமி."
"அதில்லைம்மா. எவ்வளவு ரூபாய்?"

நோட்டை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டேன்.
நாளுக்கு நூற்றைம்பது கிராம், கிலோ நானூறு,
அறுபது ரூபாய்.
காற்று நாள் போக, வெள்ளிக்கிழமை போக
நானூறு நாள்.
ஆமினத்துக்கு மட்டும் இருபத்து நாலாயிரம்.
அவளைப் போல இன்னும் பத்துப் பேர்.

சுலபமாய் ஒரு வழி அகப்பட்டது.
மறுநாளிலிருந்து இருநூறு கிராம் மட்டும் கழித்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
ராத்திரி தூக்கம் வந்தது.
முதலாளி காசில்
நான் நல்லவளாகிக்கொண்டிருந்தேன் என்பது
அப்போது உறைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் ஆமினத்து திரும்பி வந்தாள்.
"மவன் ஸ்பிரிங் தராசு வாங்கியிருக்கான்,
வீட்டுல நிறுத்துட்டுத்தான் கொண்டாந்தேன்.
நாலு எண்ணூறு.
நீ நாலு தொள்ளாயிரத்தைம்பது போட்டிருக்க."
முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
"அறுபது ரூவா கூட வந்திருக்கு.
எங்களது இல்லாத காசு
எங்க வீட்டுல தங்காதுமா."

மேசையில் இருந்த அறுபது ரூபாயும்
ஈரமாக இருந்தது.

சங்கிலியைப் பேங்கில் வைத்தேன்.
"ரெண்டு வருஷமா ஒங்கிட்ட திருடினேன்."
அவ்வளவுதான் சொல்ல வேண்டியது.
ஐஸ் உடைக்கிற சத்தம் ஓயட்டுமென்று நின்றேன்.
ஓயவில்லை. சத்தத்துக்குள்ளேயே சொன்னேன்.
"என்னது?" என்றாள், காதை நீட்டி.
இரண்டாம் தடவை சொல்லும்போது
ஐஸ் உடைப்பவன் கையை நிறுத்தியிருந்தான்.
கம்பெனி முழுக்கக் கேட்டது.

அவள் பணத்தை இரண்டு முறை எண்ணினாள்.
மன்னித்தேன் என்று சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
நண்டு காலை அறுத்த நூல் வெட்டு
அவள் விரல்களில் வெள்ளை வெள்ளையாய் இருந்தது.
இதுவரை அதைப் பார்த்ததில்லை.

கூட்டி எழுதிய ஒன்பது நாளுக்கும்
என் சம்பளத்தில் பிடிக்கச் சொன்னேன்.
பிடித்தார் முதலாளி, சில்லறை உட்பட.
வேறு ஆள் தேடுவதாகக் கேள்வி.
சங்கிலி ஒன்றுதான் இருந்தது.
பத்துப் பேர் பாக்கி.
அவர்களுக்கும் விஷயம் தெரியும்,
தெரிந்துதான் வரிசையில் நிற்கிறார்கள்.

முன்பெல்லாம் தட்டை வைத்துவிட்டு
கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள் ஆமினத்து.
இப்போது எண் நிற்கிறவரை கண்ணெடுப்பதில்லை.
தராசை அவள் பக்கமாகவே திருப்பி வைத்துவிட்டேன்.
எனக்குத் தெரிவது அதன் முதுகுதான்.

அவள் வாசிக்கிறாள்.
நான் எழுதுகிறேன்.